கொழுந்துக் கையை ஏற்காத இயந்திரம்

பெயர்: வீரய்யா கஜேந்திரன். வயது: 57. தொழில்: மரக்கறி மொத்த வியாபாரம். முகவரி: பிரதான வீதி, ஹட்டன். என் கட்டடத்தின் மேல்மாடியில் இயங்கும் தனியார் பல்கலைக்கழகக் கிளையின் கைரேகை இயந்திரத்தை நான் திருடியதாகக் கிளைப் பணிப்பாளர் கிறிஸ்டியன் பொலிஸில் செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அது பற்றி நான் கூறுவதாவது:

இயந்திரத்தைக் கழற்றியது நான்தான். திருடவில்லை.

மேற்படி கிளையில் வார இறுதியில் முகாமைத்துவப் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. படிப்பவர்களில் பாதிப் பேர் டயகம, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மற்ற நாட்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள். தலைமையகத்தின் புதிய மூலோபாயத் திட்டத்தின்படி, வரவைப் பதிய இவ்வருட ஆரம்பத்தில் வாசலில் அந்த இயந்திரம் பொருத்தப்பட்டது. அதன் பின்னர் வரவு பாதியாகக் குறைந்ததாகவும், செயலாற்றுகை போதாமையால் கிளையை மூடி மாணவர்களைக் கொழும்புக்கு மாற்ற உத்தேசித்திருப்பதாகவும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. தோட்ட வேலையை விட்டுக் கொழும்பில் தங்கிப் படிக்க அந்தப் பெண்களுக்கு வழியில்லை. கிளையை மூடினால் அவர்கள் படிப்பு அத்தோடு முடிந்துவிடும். மாடி காலியானால் எனக்கும் வாடகை போய்விடும். அதை நான் மறைக்கவில்லை.

அதன் பின்னர் ஒரு ஞாயிறு, தண்ணீர்க் குழாய் பார்க்க மேலே போனபோது, டயகமவைச் சேர்ந்த இறுதியாண்டு மாணவி ஜீவராணி இயந்திரத்தில் விரலை வைப்பதும், துடைத்துவிட்டு மறுபடி வைப்பதுமாக நின்றார். "என்ன புள்ள, மெஷினுக்கு ஒன்னயப் புடிக்கலயா?" என்றேன். "கொழுந்து எடுத்து ரேகையெல்லாம் தேஞ்சு போச்சுங்க முதலாளி. இது நம்மள ஆளாவே மதிக்க மாட்டேங்குது. வகுப்புல முன்னுக்கு ஒக்காந்தாலும் வரலைன்னுதான் கணக்கு" என்றார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர்களின் விரல்களையும் பார்த்தேன். கறை ஏறி, நுனி வழுவழுப்பாக இருந்தன.

அதன் பின்னர் பணிப்பாளரிடம் இதைச் சொன்னேன். "முதலாளி, நீங்க லீக்ஸ், கரட்டைப் பாருங்க. மூலோபாயத்த நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

கடந்த சனிக்கிழமை கிளையை மூடுவது பற்றி முடிவெடுக்கக் கொழும்பிலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்தது. நான் திருப்புளியோடு மேலே போய், இயந்திரத்தைக் கழற்றி, அவர்கள் பேசிக்கொண்டிருந்த மேசையில் வைத்தேன். உள்ளே பற்றரி இருந்ததால் அது வேலை செய்தது. குழுத் தலைவி பேராசிரியர் மார்கிரட், "யாருங்க நீங்க?" என்றார். "கட்டடக்காரன் மேடம். தராசு கோளாறுன்னா நான் மரக்கறிய வீசுறதில்லீங்க" என்று சொல்லி, வெளியே நின்ற மாணவர்களைக் கூப்பிட்டேன். டவுன் பிள்ளைகள் விரல் வைக்கப் பச்சை எரிந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒவ்வொருவராக வைக்கச் சிவப்பே எரிந்தது.

அதன் பின்னர் பேராசிரியர் பரீட்சைப் பெறுபேறுகளைப் புரட்டி, "வராத பிள்ளைங்க எப்படி இவ்வளவு புள்ளி எடுத்தாங்க, மிஸ்டர் கிறிஸ்டியன்?" என்று கேட்டார். "பக்கத்துல பாத்து எழுதியிருப்பாங்க மேடம்" என்றார் அவர். உடனே ஜீவராணி, "யாரப் பாத்துங்க சேர்? மொதல் புள்ளி எடுத்ததே நான்தானே" என்றார். குழுவில் வந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

கிளையை மூடும் யோசனை அந்த இடத்திலேயே கைவிடப்பட்டது. இனிமேல் வரவைப் பெயர் கூப்பிட்டே பதிய வேண்டும் என்றும் முடிவாயிற்று. கூட்டம் கலைந்த பின் இயந்திரத்தை யாரும் எடுக்காததால் கடையில் பத்திரப்படுத்தினேன். அன்று மாலைதான் பணிப்பாளர் இந்த முறைப்பாட்டைச் செய்துள்ளார்.

மறுநாள் காலை அவரே வாசலில் நின்று பெயர் கூப்பிட்டார். ஜீவராணி, "வந்துட்டேன் சேர்!" என்று சொன்ன சத்தம் கீழே என் கடைவரை கேட்டது. லொறியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இயந்திரத்தை அதன் ஆணிகளோடு இப்போது ஒப்படைக்கிறேன். யாருடைய வற்புறுத்தலுமின்றி நான் சொல்லி எழுதப்பட்ட இதை வாசிக்கக் கேட்டேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை, முழுதும் உண்மை.

ஒப்பம்: வீ. கஜேந்திரன்