வாசலில் பூவைக் கழற்றி வைத்தவருக்கு

தளிரின் தாகமும் வேரின் வேளையும் அறிந்த வித்தகியே! புட்டிக்குள் பூங்காடு வளர்த்த பொறுமைப் பெருங்கடலே! திருவில்லிபுத்தூர் எங்களுக்குத் தந்த திருவே, வஞ்சுளவல்லி அம்மையீர்! வணக்கம்.

ராஜபாளையம் சாலையில் உள்ள நம் மூலிகைத் திசு வளர்ப்புக் கூடத்தின் தலைமையேற்று, நகத்தளவு தண்டிலிருந்து நாற்றங்கால்களையே எழுப்பிப் பணி நிறைவு பெறும் தங்களை வாழ்த்த நல்ல தமிழாகத் தேடினோம். கிடைத்ததை இம்மடலில் கோத்தோம். இதை வாசிக்கும் நம் பாலகணேஷ் நடுவில் நிறுத்தினால் பொறுத்தருள்க.

கூடத்துக்குள் பூச்சூடி வரக்கூடாது என்பது தாங்கள் வகுத்த முதல் சட்டம். பூவில் ஒளிந்து வரும் பொடிப்பூச்சி புட்டிக்குள் நுழைந்தால் பூஞ்சை பிடிக்கும் என்பீர்கள். ஆண்டாள் ஊரில், பூவில்லாமல் வாசல் தாண்டாத குடும்பத்தில் பிறந்த தாங்களே நாள்தோறும் கதவருகே நின்று கூந்தல் பூவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தீர்கள். மாலையில் அந்த வாடிய பூவையே சூடிக்கொண்டு பேருந்து ஏறினீர்கள்.

மகாராஜபுரத்து விவசாயி பெத்தம்மாள் நன்னாரி நாற்றுக் கேட்டு வந்த ஆண்டை மறப்போமா! நம் சொல்லை நம்பி, பருத்தி விதைக்காமல் நிலத்தை உழுதுபோட்டுக் காத்திருந்தார். நாமோ தளிர் தூண்டும் ஹார்மோனைத் தாராளமாகக் கொடுத்தோம். புட்டி புட்டியாகத் தளிர் பொங்கியது. பால்கோவா வாங்கிப் பகிர்ந்து தின்றோம். அந்தத் தவற்றில் தங்களுக்கும் பங்குண்டு, பால்கோவாவிலும் உண்டு. அடியில் பார்த்தால் ஒன்றிலும் வேர் இல்லை. வேரே மருந்தான நன்னாரிக்கு வேரில்லை என்றால் ஊர் சிரிக்காதா! பெத்தம்மாள் சிரிக்கவில்லை. "நான் காத்துக்கிடுவேம்மா, மழ காத்துக்கிடாதே" என்று மட்டும் சொல்லிப் போனார்.

அந்தக் கவலையில்தான் நம் கூடத்துப் பாண்டீஸ்வரி, ஆடிப்பூரத் தேர் பார்த்துவிட்டு வந்த கையோடு, வேர் வரட்டும் என்று வேண்டிக்கொண்டு கோயில் பூவைப் புட்டி அடுக்கின் மேல் வைத்தார். அவர் வைத்தது அன்பு, வந்தது பூஞ்சை. பாதிக்கு மேற்பட்ட புட்டிகள் பஞ்சடைத்தது போல் வெளுத்துப் போயின. அழுதுகொண்டு நின்றவரைத் தாங்கள் ஏசவில்லை. அவரோடு அமர்ந்து, கெட்டுப்போன புட்டிகளைக் கழுவினீர்கள். "நீ சாமியைக் கேட்டது தப்பில்ல. நாமதான் செடியைக் கேக்கல" என்றீர்கள்.

மிஞ்சிய தளிர்களை, புட்டிக்குள் செடிக்கு மண்ணும் உணவுமாகும் கூழைப் புதிதாகச் செய்து அதற்கு மாற்றினீர்கள். தளிர் ஹார்மோனை நிறுத்தி, சத்தைப் பாதியாக்கி, வேர் தூண்டும் ஹார்மோனைத் துளியளவு சேர்த்தீர்கள். ஊட்டி ஊட்டி வளர்த்தால் செடி எதற்கு வேர் விடும், கொஞ்சம் பசிக்கட்டும் என்றீர்கள். பிள்ளையைப் பட்டினி போட்டதுபோல் எங்கள் மனம் பதைத்தது. ஒரு காலையில் வெள்ளை நூலாய் முதல் வேர் இறங்கியபோது, வேறு யாரையும் அழைக்காமல் முதலில் பாண்டீஸ்வரியை அழைத்துக் காட்டினீர்கள். ஐப்பசி மழைக்கு முன் நாற்று மகாராஜபுரம் போய்ச் சேர்ந்தது. பாதி நிலத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது, ஆனால் நட்டதெல்லாம் பிடித்துக்கொண்டது. இன்று முன்வரிசையில் பெத்தம்மாள் அமர்ந்திருக்கிறார், அனைவருக்கும் நன்னாரி சர்பத் கொண்டுவந்து!

இனித் தாங்கள் இல்லாத கூடத்தில் எங்களுக்கும் பசிக்கும். நாங்களும் வேர்விடப் பார்க்கிறோம்.

கண்ணில் ஒளி குன்றாமல், காலில் வலி அண்டாமல், காலைக் காபியை ஆறவிடாமல் அருந்தி, பல்லாண்டு பல்லாண்டு தாங்கள் வாழ்க! இப்போது தங்கள் கூந்தலில் இருக்கும் மல்லிகை பாண்டீஸ்வரி விடிகாலையில் தொடுத்தது. நாளைக் காலை அந்த ஆணியில் தங்கள் பூ இராது என்பதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. ஆனாலும் இதை எந்த வாசலிலும் கழற்றாமல், வாடுமுன்னே வீடு போய்ச் சேருங்கள், அம்மா.

என்றும் தங்கள் அன்பில் வேரூன்றிய,
கூடத்துப் பணியாளர்கள்
ராஜபாளையம்