கண்ணாடிக்குள் ஏழு எழுத்து

— வெட்டிட்டீங்களா? கத்திரிக்கோல் வச்சே வெட்டிட்டீங்களா, ஹிதாயா?

— பாலம்மா அக்கா, மொதல்ல இந்தக் கதிரையில இரிங்க. தெல்தோட்டையிலிருந்து பஸ்ஸில நின்டுகிட்டே வந்தீப்பீங்க.

— உக்கார வரல. எங்க தோட்டச் சங்கத்துப் போராட்டத் துணிய வாங்கிட்டுப் போக வந்தேன். நாளைக்கு ஆபீஸ் விடுற நேரம், கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில அதப் பிடிச்சு நிக்கணும். ஓவியக் காட்சிக்கு வைக்கிறேன்னு கேட்டீங்க, குடுத்தேன். ‘தண்ணீர் இல்லை’ன்னு ஒரே துணியாத்தானே குடுத்தேன்? இங்க ஏழு கண்ணாடிச் சட்டம் தொங்குது. ‘த’ ஒரு மூலையில, ‘இ’ இன்னொரு மூலையில. பேசிக்கிட்டிருக்கிறவ வாயப் பொத்தி, பல்ல மட்டும் எண்ணிப் பாத்த மாதிரி இருக்கு.

— ஒவ்வொரு எழுத்துக்கு முன்னுக்கும் ஆக்கள் நின்டு பாக்கணும் என்டுதான் செஞ்சேன். அந்த ‘லை’யப் பாருங்களே! பழைய எழுத்து. யானை தும்பிக்கையத் தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி. இப்ப கம்ப்யூட்டர்ல வாற எழுத்தெல்லாம் ஒரே தட்டில வெட்டின வட்டிலப்பத் துண்டு. இத எழுதின கை வேற, அக்கா.

— எழுதினது எங்க அப்பா வீரையா. பெக்டரியில தேயிலைப் பெட்டிக்கு எழுத்துப் போட்டவரு. அதே கறுப்பு மையில, அதே தூரிகையில இதையும் எழுதினாரு. ஆனா ஒண்ணு கேளுங்க. அழகுக்கு எழுதல. மேட்டுப் பங்களாவுல நிக்கிற தோட்டத் தொரைக்கு அங்கிருந்தே தெரியணும்னு எழுதினாரு.

— தெரிஞ்சதா?

— தெரிஞ்சுச்சு. தொரை மாறினாரு, கம்பனி மாறுச்சு, எங்க சங்கத்துக் கொடி கூட நெறம் மாறுச்சு. எங்க லயத்து வீட்டுப் பீலிக் கொழாய்க்குத் தண்ணி மட்டும் வரல. இன்னமும் ஆத்துல மொண்டுதான் மேட்டுக்குத் தூக்குறோம்.

— கோவிச்சுக்காதீங்க. சங்கத்துக் காம்பரா மூலையில பூச்சி அரிச்சுக் கெடந்த துணி. இனி யாருக்கும் தேவைப்படாது என்டு நெனச்சிட்டேன்.

— கெடந்துச்சு. நாங்களும் அது கூடத்தான் கெடந்தோம். இளசுக எல்லாம் கொழும்புக்கும் கார்மண்ட்ஸ் வேலைக்கும் போயிட்டாங்க. மிச்சம் உள்ளவங்களக் கூப்பிட்டா, “ஒங்க பேச்ச இன்னும் எத்தன வருஷம் கேக்குறது, அக்கா?”ங்கிறாங்க. ஞாயந்தானே? எனக்கே என் குரல் புளிச்சுப் போச்சு. நாளைக்கு வர்றது நானும் எங்க லயத்துச் சுப்பம்மாவும் மட்டும். சரி, துணிக்கு நுனி ரெண்டு, ஆளும் ரெண்டு, போதும்னு கெளம்பி வந்தேன்.

— யா அல்லாஹ்! தாங்க, இப்பவே கழட்டுறேன். எங்கட உம்மாட தையல் மெஷின் ஈக்கிது. நாளைக்குப் பகலுக்குள்ள ஒட்டித் தைச்சுத் தந்திருவேன்.

— அப்ப ஒங்க காட்சி?

— திறப்பும் அதே நேரந்தான். இந்த ஏழையும் நம்பித்தான் மண்டபத்தையே தந்தாங்க. மூணு வருஷமா இதுக்குத்தான் அலைஞ்சேன். வாறவங்க வெறும் ஆணியப் பாத்துட்டுப் போவாங்க. பரவாயில்ல. சாமான் ஒங்கட. நான்தான் கேக்காம வெட்டினேன்.

— கண்ணாடியக் கழட்டாதீங்க. தைக்கவும் வேணாம்.

— கோவமா, அக்கா?

— கோவப்படவும் தெம்பு வேணுமே! கேளுங்க. இப்பத்தான் ஒண்ணு புரியுது. அந்தத் துணி எவ்வளவு நீளம்! ஆனா பிடிக்க ரெண்டு பேர் போதும். ரெண்டு பேர் பிடிச்சதும் மத்தவங்க, “துணிதான் நிக்குதே, நாம எதுக்கு?”ன்னு அடுப்படியில இருந்துட்டாங்க. அவங்களக் குத்தம் சொல்லி என்ன செய்ய? அந்தத் துணிக்கு அவங்க தேவைப்படவே இல்லையே! ‘எல்லாரும் வாங்க, எல்லாரும் வாங்க’ன்னு மேடை மேடையா கத்தினேன். கையில வச்சிருந்தது ரெண்டு பேருக்குத் தச்ச துணி.

— அதுக்கு இப்ப என்ன செய்யச் செல்றீங்க?

— இப்ப அது ஏழு துண்டு. ஏழு பேர் இல்லாம அது பேசாது. ஒருத்தி வரலேன்னா அவ நிக்க வேண்டிய எடம் பொக்கையாத் தெரியும், ரோட்டுல போறவனும் நின்னு பாப்பான். கதவத் தட்டி, “ஒன் எழுத்து சும்மா கெடக்கு, வாடி”ன்னு கூப்பிட எனக்கு இப்பத்தான் வாய் வந்திருக்கு. இந்தச் சட்டத்தோடயே தூக்கிட்டுப் போறோம்.

— அது சரி, ஆளுக்கு எங்க போறது? இப்பதானே ரெண்டு பேர் என்டு சென்னீங்க.

— இப்பவும் ரெண்டு பேர்தான். மூணாவது ஆளு எந்த எழுத்தப் பிடிக்கணும்னு நீங்களே சொல்லுங்க, தங்கச்சி.