எட்டடிப் பயிரும் எருக்குழி மண்ணும்

அவைக்கு அணியான சங்கத் தலைவர் அவர்களே, அளவுநாடா ஏந்தி வந்து என் மக்காச்சோளத்தின் உயரத்தை அளந்து உள்ளம் உருகிய நடுவர் பெருமக்களே, சான்றோர்களே, களைக்கொட்டு பிடித்துக் கைகாய்த்த தாய்மார்களே, மூன்றாம் வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் என் மனைவியே, அனைவருக்கும் பணிவான வணக்கம்!

வளர்ப்பில் வல்லவன் என்று எனக்கு வெள்ளிக் கோப்பை வழங்கினீர்கள். வளர்ந்தது, எட்டடி வளர்ந்தது. விளைந்ததா? அதை ஒருவரும் கேட்கவில்லை. நடுவர்கள் வந்தது அறுபதாம் நாள். காற்று வந்தது தொண்ணூறாம் நாள். எட்டடியும் படுத்துக்கொண்டது.

விதைப்புக்கு முன் மண் பரிசோதனைக்கு மண் எடுக்கப் போனேன். வயலில் வெயில். எருக்குழி ஓரத்தில் மரநிழல். நிழலிலேயே அள்ளி அனுப்பிவிட்டேன். முடிவு வந்தது: மணிச்சத்து மிகுதி, சாம்பல்சத்து மிகுதி, தழைச்சத்து மட்டும் நடுத்தரம். மார்தட்டினேன். விதைக்கும்போது இடும் அடியுரத்தை நிறுத்தினேன்.

மனைவி கேட்டாள், "ஏங்க, மண்ணு வயல்லதானே எடுத்தீங்க?"

"பின்ன, வானத்துலயா எடுப்பாங்க?" என்றேன்.

இருபதாம் நாள் இலை ஊதாவானது. மணிச்சத்துக்கு வேர் ஏங்கியது. நானோ என்ன வண்ணம், என்ன வனப்பு என்று படம் பிடித்தேன். முழங்கால் உயரத்தில் யூரியா, பூக்குமுன் மீண்டும் யூரியா. தண்டு உயர்ந்தது, உறுதி பெறவில்லை. அடியிலையின் ஓரம் கருகியது. சாம்பல்சத்து இல்லையென்று பயிர் இலையிலே எழுதிக் காட்டியது. நான் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

என்ன ஐயா, பின்வரிசையில்? கதிர் எப்படி என்கிறீர்களா? பல் விழுந்த வாய்போல, ஐயா. பாதி மணிதான்.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். சிரித்துவிட்டுச் சட்டைப்பையைத் தொட்டுப் பாருங்கள். எட்டடிக்காரன் மண் அறிக்கை என்று நகலெடுத்து வைத்திருப்பது யார்? அதை நம்பி அடுத்த மாதம் அடியுரம் இல்லாமல் விதைக்கப்போவது யார்? ஒருவரா, இருவரா? நாற்பது குடும்பம். எனக்குப் பயமாக இருக்கிறது. அது உங்கள் வயலின் அறிக்கை அல்ல, என் வயலின் அறிக்கையும் அல்ல. என் எருக்குழியின் அறிக்கை. கிழித்துப் போடுங்கள்.

நேற்று மனைவியிடம், "கப்பு வேணாம்னு சொல்லிடட்டுமா?" என்றேன்.

"வாங்கிட்டே வாங்க. மண்ணு அள்ள ஒரு பாத்திரம் வேணும்" என்றாள்.

ஆகவே நாளைக் காலை இந்தக் கோப்பையோடு உங்கள் வயல்களுக்கு வருகிறேன். வயலுக்கு ஐந்தாறு இடம், இடத்துக்கு ஒரு சாண் ஆழம், அத்தனையும் வெயிலில். என்னைப் பொறுத்துக்கொண்ட அவைக்கும், பொறுக்காமல் படுத்துவிட்ட பயிருக்கும் என் நன்றி, வணக்கம்.