கிளிப் பேருல குடை வேலை

...இல்ல கண்ணு, அந்தக் குடையைச் சுவத்தோரம் சாத்தாத. மடியிலயே வச்சுக்கோ, பாவாடை நனைஞ்சா நனைஞ்சுட்டுப் போகுது. இந்தக் கட்டடத்துல ஒரு குடை காணோம்னா இன்னிக்கும் எல்லாரும் முதல்ல என் மூஞ்சியைத்தான் பாக்கறாங்க. அது பெரிய கதை. உக்காரு. படிவத்தை இப்படிக் குடு. பிரியாஷ்னி... லம்பாசாவா? அங்கேருந்து கப்பல்லயா வந்த? வாந்தி எடுத்திருப்பியே. சரி சரி. என் பேரு டொரிக்கா. அக்கான்னே கூப்பிடு. ஆன்ட்டின்னு கூப்பிட்டவங்க படிவமெல்லாம் எப்படியோ அடியில போயிடுது. நான் ஒண்ணும் பண்றதில்ல, அதுவா போயிடுது.

பன்னண்டு கட்டமும் ரொப்பணும் கண்ணு. ஒண்ணு விட்டாலும் கணக்குப் பிரிவுல ஷலேந்திரா சார் திருப்பி அனுப்பிடுவாரு. நான் பதினாலு வருஷமா இந்த யுனிவர்சிட்டியில இதே சன்னல்ல உக்காந்து உங்கள மாதிரிப் பசங்களுக்குப் பகுதிநேர வேலை புடிச்சுக் குடுக்கறேன். முன்னெல்லாம் ஒரு துண்டுச் சீட்டுதான். பேரு, என்ன படிக்கற, எந்த நாள் ஓய்வு. மூணே வரி. சாயங்காலத்துக்குள்ள வேலை. இப்ப பன்னண்டு கட்டம். யாரால? எல்லாம் ஒரு குடையால, ஒரு கிளியால... சொல்றேன், நீ எழுது.

என்ன வேலை வேணும் உனக்கு? லைப்ரரியா? எல்லாரும் லைப்ரரிதான் கேக்கறீங்க. அங்க ஏசி இருக்கு, தூங்கலாம், அதான். வேலை குடுக்கறவங்க மட்டும் லேசுப்பட்டவங்களா என்ன? வரலாற்றுப் பேராசிரியர் ஒருத்தர், தன் கையெழுத்தைப் படிச்சுத் தட்டச்சு பண்ண ஆள் வேணும்னாரு. அனுப்புனேன். அந்தப் பையனால ஒரு வரி படிக்க முடியல. சரின்னு அவரையே படிச்சுக் காட்டச் சொன்னா, அவராலயும் முடியல. அப்புறம் ரெண்டு பேரும் ஒரு மாசம் சேந்து உக்காந்து யோசிச்சாங்க, இது என்னவா இருக்கும்னு. அதுக்கும் சம்பளம் போட்டாங்க. அதை யாரும் கேக்கல. நான் ஒரே ஒரு பொண்ணுக்கு வேலை குடுத்தது மட்டும் ஊரே கேட்டுச்சு.

அவ பேரு தெரேதியா. கிரிபாஸ் நாட்டுல ஒரு சின்னத் தீவு. போன வருஷம் மார்ச்சுல வந்து இப்ப நீ உக்காந்திருக்கற அதே நாற்காலியில உக்காந்தா. முந்தின வருஷம் புள்ளியியல்ல கோட்டை விட்டுட்டா. அதுல பாஸாகற வரைக்கும் உதவித்தொகை கிடையாதுன்னு நிறுத்தி வச்சுட்டாங்க. வேலை கெடச்சா இருப்பா, கெடைக்கலன்னா அடுத்த விமானத்துல ஊருக்கு. அவ வந்த அன்னிக்கு என்கிட்ட ஒரு வேலை இல்ல கண்ணு. பாத்திரம் கழுவற வேலைகூட முதல் வாரமே போயிடுச்சு.

மதியம் ஆயிடுச்சேன்னு என் டப்பாவுலேருந்து கொஞ்சம் மரவள்ளியும் டின் மீனும் வச்சுக் குடுத்தேன். சாப்ட்டா. நல்லாத்தான் சாப்ட்டா, பாவம் பசி. சாப்ட்டு முடிச்சு டப்பாவைக் கழுவி வச்சா. அப்புறம் விளக்குமாறு எங்கன்னு கேட்டு இந்த அறை முழுக்கப் பெருக்குனா. "என்னடி பண்ற"ன்னேன். "சாப்பாட்டுக்கு அக்கா"ன்னா. மறுநாள் ஒரு வாழைப்பழம் குடுத்தேன், சன்னல் கம்பியெல்லாம் தொடச்சு விட்டா. எனக்கு பயம் வந்துடுச்சு. இவளுக்கு முழுச் சாப்பாடு போட்டா கட்டடத்தையே வெள்ளையடிச்சுடுவா போலருக்கேன்னு.

இப்படிப்பட்டவளுக்குச் சும்மா உதவ முடியுமா, சொல்லு. வேலைன்னு குடுத்தாதான் வாங்குவா. வேலையோ இல்ல. அப்பதான் என் புத்தி வேலை செஞ்சுது. ஆகஸ்டுல நம்ம ஓப்பன் டே வருதுல்ல, பள்ளிக்கூடப் பசங்களெல்லாம் சுத்திப் பாக்க வருவாங்களே, அதுக்கு ஒரு ஆள் கிளி வேஷம் போட்டுக்கிட்டு ஆடணும். ஒத்திகையோட சேத்து நாப்பது மணி நேரம்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க. மூணு வருஷமா யாரும் அதுக்கு வர்றதில்ல. உள்ள அவ்வளவு புழுக்கம், அவ்வளவு நாத்தம். அந்த நாப்பது மணி நேரத்தை எடுத்து, சம்பளப் புத்தகத்துல கிளின்னு எழுதி, அவகிட்ட, "உனக்கு ஒரு வேலை இருக்கு தெரேதியா. இந்த சுவா ஊர்ல எந்நேரமும் மழை. வகுப்புல பசங்க மறந்துட்டுப் போற குடையையெல்லாம் தேடி எடுத்து, யாரோடதுன்னு கண்டுபுடிச்சுத் திருப்பிக் குடுக்கணும். தினம் ரெண்டு மணி நேரம்"னு சொன்னேன். நல்ல வேலைதான? எனக்கே பெருமையா இருந்துச்சு.

ஆனா பாரு, ஒரு விஷயத்தை யோசிக்கல. மழை விட்டாதான மனுஷன் குடையை மறப்பான். அந்த மார்ச்சுல மழை விடவே இல்ல. அஞ்சு நாள், பகல் முழுக்கக் கொட்டுது. எவன் மறப்பான்? முதல் வாரம் மொத்தம் ரெண்டு குடை. ஒண்ணு கம்பி உடைஞ்சு வேணும்னே போட்டுட்டுப் போனது. இன்னொண்ணு பாத்ரூம் போனவன் வச்சுட்டுப் போனது, திரும்பி வந்து அவ கையிலேருந்து புடுங்கிக்கிட்டான்.

அவ வெள்ளிக்கிழமை வந்து நோட்டை என் முன்னால வச்சா. நானே வாங்கிக் குடுத்த நோட்டு. கட்டம் கட்டமா கோடு போட்டு வச்சிருக்கா. தேதி, நேரம், எந்த வகுப்பு, எந்த பெஞ்சு, நெறம், கைப்பிடி, ஈரமா காஞ்சதான்னு... அந்த ரெண்டு குடையும் கணக்குல வராதுன்னு எல்லாம் காலி. "வேலை செய்யாம சம்பளம் வாங்க மாட்டேன் அக்கா. இன்னும் ஒரு வாரம் பாக்கறேன், குடை வரலன்னா ஊருக்குப் போயிடறேன்"ன்னா. அழல, ஒண்ணும் பண்ணல. நாளைக்குக் கடைக்குப் போறேன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போறா.

அடுத்த வாரம் ஆரம்பிச்சுது கண்ணு, இந்தக் கட்டடத்துல குடைத் திருட்டு.

...ஆமா, திருட்டு. இந்த அலுவலகத்துலதான். திங்கள் ரெண்டு, செவ்வாய் நாலு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆளாளுக்கு நனைஞ்சுக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாங்க. மறுநாள் காலைல தெரேதியா வந்து குடையை மேசை மேல வச்சுட்டுப் போவா. எப்படி கண்டுபுடிப்பான்னு கேக்கறியா? பேரு எழுதியிருக்காது, ஒண்ணும் இருக்காது. கைப்பிடி இடது பக்கம் தேஞ்சிருக்கு, அப்ப இடது கைக்காரர். மடிப்புக்குள்ள ஒரு பஸ் டிக்கெட்டு, அப்ப நௌசோரி பக்கம் போறவங்க. இப்படியே விசாரிச்சு விசாரிச்சு ஒண்ணு தப்பாம கொண்டு போய்ச் சேத்துடுவா. எல்லாருக்கும் அவளை அவ்வளவு புடிச்சுப் போச்சு. திருடனைத்தான் புடிக்கல.

ஷலேந்திரா சாரு குடை மூணு தடவை போச்சு. பெரிய நீலக் குடை, அவரு வீட்டம்மா வாங்கிக் குடுத்தது. மூணாவது தடவை அதை நாற்காலி காலோட சணல் கயித்தால கட்டிப் போட்டிருந்தாரு. கயித்தை விட்டுட்டுக் குடை மட்டும் போயிடுச்சு. காவலாளி வாசல்ல நின்னு எல்லார் பையையும் பாக்க ஆரம்பிச்சாரு. ஊழியர் கூட்டம் போட்டாங்க. அதுல நான் எழுந்து நின்னு பேசினேன். "நனைஞ்சுக்கிட்டுப் போற நம்ம பாவம் அவனைச் சும்மா விடாது"ன்னேன். கைதட்டுனாங்க.

அப்பதான் ஷலேந்திரா சாருக்கு ஒரு சந்தேகம். திருடனைப் பத்தி இல்ல. தெரேதியாவைப் பாத்து, "நீ நல்லா வேலை செய்யறம்மா, உன்னை எந்தக் கணக்குல வச்சிருக்காங்க"ன்னு அன்பாத்தான் கேட்டிருக்காரு. போய்ப் புத்தகத்தைப் புரட்டினா, குடை வேலைன்னு ஒண்ணு இந்த யுனிவர்சிட்டியிலயே இல்ல. கிளி இருக்கு. மார்ச்சு மாசம் முழுக்க தினம் ரெண்டு மணி நேரம் கிளி வேலை பாத்திருக்கு. ஆகஸ்டுல ஆட வேண்டிய கிளி.

பதிவாளர் அம்மா கூப்பிட்டு அனுப்புனாங்க. நானு, தெரேதியா, ஷலேந்திரா சாரு, மூணு பேரும் அவங்க மேசை முன்னால. அந்தப் பொண்ணு நேரா நின்னு நோட்டை எடுத்து வச்சா. "கிளி பத்தி எனக்குத் தெரியாதும்மா. நான் செஞ்ச வேலை இதுல இருக்கு"ன்னா.

பதிவாளர் அம்மா அந்த நோட்டைப் படிச்சாங்க பாரு, படிச்சாங்க, படிச்சாங்க... எனக்கு ஒரு வயசு கூடிப் போச்சு. அப்புறம் கண்ணாடியைக் கழட்டிட்டு, "இருபத்திமூணு குடை. இருபத்திமூணும் மேல்மாடி நாலாம் நம்பர் வகுப்பு, கடைசி பெஞ்சு. எல்லாமே மதியம் ஒரு மணிக்கு மேல. வெளிய அடைமழை, ஆனா ஒரு குடைகூட ஈரம் இல்ல. அப்ப இதுங்க மழையில வரல. அலுவலகத்துலேருந்து கூரை போட்ட நடைபாதை வழியா நடந்தே வந்திருக்கு. மதியம் அந்த வகுப்புல யாரு சாப்பிடறது"ன்னு கேட்டாங்க.

என்ன பண்றது சொல்லு. அந்த மழையில மதியச் சாப்பாட்டை அங்க கொண்டு போறது நான் ஒருத்திதான். மூணு பேரும் என்னைப் பாக்கறாங்க. நான்தான் கண்ணு. நான்தான் எடுத்தேன். ரெண்டு ரெண்டா பாவாடைக்குப் பின்னால மறைச்சு வச்சுக்கிட்டு, நொண்டி மாதிரி நடந்து கொண்டு போய் வப்பேன். அந்த சணல் கயிறு இருக்கே, அதை அவுக்க மட்டும் பத்து நிமிஷம் ஆச்சு, நகம் ஒடஞ்சு போச்சு. கூட்டத்துல திருடனைத் திட்டினதும் நான்தான். அன்னிக்குப் பேசினது நல்லாத்தான் வந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன்.

எல்லாத்தையும் சொல்லிட்டேன். குடை இல்லன்னா இந்தப் பொண்ணு ஊருக்குப் போயிடுவாளேன்னுதான் பண்ணேன்னு சொல்லிட்டுத் தெரேதியாவைப் பாக்கவே எனக்குத் தைரியம் இல்ல. எவ்வளவு ரோஷக்காரி. ஒரு வாழைப்பழத்துக்குச் சன்னல் தொடச்சவ. இப்ப என் மூஞ்சியில நோட்டை விட்டெறிஞ்சுட்டுப் போகப் போறான்னு நெனச்சேன்.

அவ மெதுவா, "எனக்கு மூணாவது நாளே தெரியும்மா"ன்னா. பதிவாளர் அம்மாகிட்டதான் சொல்றா, என்கிட்ட இல்ல. "அன்னிக்கு அந்த வகுப்புக்குச் சீக்கிரமே போயிட்டேன். அக்கா வந்து குடையைப் பெஞ்சுல படுக்க வச்சு, தட்டிக் குடுத்துட்டுப் போறதைப் பாத்தேன். எங்க தீவுல ஒரு மாமா இருந்தாரு. அடுத்தவங்க துடுப்பை எடுத்துக்கிட்டுப் போய் வேற யாரோட படகுலயாவது வச்சுட்டு வந்துடுவாரு. அது ஒரு வியாதி. அவரை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம், எடுத்து அதது எடத்துல வச்சுடுவோம். அக்காவுக்கும் அந்த வியாதின்னு நெனச்சேன். வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்ல. அதான் அவங்க எடுக்க எடுக்க நான் திருப்பி வச்சுக்கிட்டே இருந்தேன். அப்பவே ஊருக்குப் போயிருப்பேன். அக்காவைப் பாத்துக்க ஆள் இல்லன்னுதான் இருந்தேன்."

எனக்கு வியாதியாம். கேட்டியா. நான் அவளைக் காப்பாத்தறேன்னு குடை தூக்கறேன், அவ என்னைக் காப்பாத்தறேன்னு குடை தூக்கறா. பதிவாளர் அம்மா கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க, தோள் ரெண்டும் குலுங்குது. எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது, எதை முதல்ல விடறதுன்னு தெரியல. ஷலேந்திரா சாரு மட்டும் சிரிக்கல. "அப்ப என் கயிறு"ன்னாரு. கயிறு என் மேசையிலதான் இருந்துச்சு, குடுத்துட்டேன்.

எனக்கு எழுத்து மூலமா ஒரு எச்சரிக்கை. நியாயந்தான். அந்தப் பொண்ணோட நோட்டைப் பாத்துட்டு, இப்படி எழுதற ஆள்தான் நமக்கு வேணும்னு சொல்லி, பதிவாளர் அம்மா அவளை இங்கயே, பக்கத்து சன்னல்ல மாணவர் உதவியாளரா உக்கார வச்சுட்டாங்க. அதோ, மஞ்சப் பூ வச்சிருக்காளே, அவதான். ஜூன்ல புள்ளியியலும் பாஸு, உதவித்தொகையும் திரும்பி வந்துடுச்சு. இந்தப் பன்னண்டு கட்டம் இருக்கே, அவ போட்டதுதான். இனிமே இல்லாத வேலைக்கு யாரும் ஆள் எடுக்க முடியாதாம். என்னைப் பாத்தே சொல்றா.

அதோட விட்டாங்களா? "புத்தகத்துல கிளி வேலை பாத்திருக்கு டொரிக்கா. அப்ப ஆகஸ்டுல கிளி வந்தே ஆகணும்"னு பதிவாளர் அம்மா சொல்லிட்டாங்க. எனக்கு அம்பத்துமூணு வயசு கண்ணு. உடம்பைப் பாரு. அந்த இறக்கைக்குள்ள ஒரு கைதான் போச்சு. ஆயிரம் பிள்ளைங்க மைதானத்துல நிக்குது, மேளம் அடிக்கறாங்க, மூக்கு ஒரு பக்கம் தொங்குது, எனக்கு முன்னால என்ன இருக்குன்னே தெரியல. நான் பாட்டுக்கு ஆடிக்கிட்டே போறேன், போறேன், எல்லாரும் கத்தறாங்க, பாராட்டறாங்கன்னு நெனச்சேன். போய் நின்ன எடம் எதுன்னு நெனக்கற...

என்ன தெரேதியா? நான் பேசிக்கிட்டிருக்கேன்ல... யாரு போயிட்டா? இங்கதான... அய்ய, எப்ப போனா? எந்த வேலைக்கு அனுப்புன? நாத்துப் பைக்கு மண்ணு ரொப்பவா? நல்ல வேலைதான், அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. இவ்வளவு நேரம் நான் யாருகிட்ட பேசிக்கிட்டிருந்தேன்? ...ஓ, ஷலேந்திரா சாரு கயிறு கேட்டப்பவே போயிட்டாளா? அப்ப கிளி ஆடினதே அவளுக்குத் தெரியாதுடி. அதான முக்கியமான எடமே.

நாத்துத் தோட்டம் எந்தப் பக்கம், இந்த வழியா? சன்னலைக் கொஞ்சம் பாத்துக்கோ. இல்ல, பேச மாட்டேன், மிச்சத்தை மட்டும் சொல்லிட்டு வந்துடறேன். ரெண்டு நிமிஷம். ஏ பிரியாஷ்னி... நில்லு கண்ணு...