மூன்றாம் சனிக்கிழமைப் புளியோதரை

காபியை ஆறவிடாதீர்கள், பவன்குமார் சார். நீங்கள் கேட்டதை எழுதிக்கொடுக்க எனக்கு நேரமாகும். எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும், வேகம்தான் கிடையாது. நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து என் வீட்டுக் காலண்டரை மூன்றாவது முறையாகப் படிப்பது சமையலறையிலிருந்தே தெரிகிறது. சானலுக்கே மேனேஜர் என்றாலும் உங்களுக்குத் தமிழ் படிக்க வரும், அம்மா வழி வேலூர் என்பதெல்லாம் உங்கள் மேக்கப் பெண் சொல்லி எனக்குத் தெரியும். அவள் இன்னும் நிறையச் சொன்னாள். அது இப்போது வேண்டாம்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. “அம்மா, பர்வாலேது, பயப்படாதீங்க. அன்னைக்கு அந்த எண்ணெய் பாட்டிலை எத்துக்கினு வந்தது யாரு?” புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, திருப்பதியில் உங்கள் ஸ்டுடியோவில் புளியோதரை சாப்பிட்ட இருபத்து மூன்று பேருக்கும் வயிற்றால் போனதே, அதைப் பற்றிய கேள்வி. அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

தேவயானி எனக்குச் சொந்தம் இல்லை. பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர், அதிலும் பாதிக்கு மேல் இடிந்த சுவர். அவள் வீட்டில் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். அவள் புருஷன் ஜெகநாதன் நான்கு பவர்லூம் வைத்து ஓட்டியவன். எங்கள் நகரியில் பாதிப் பேருக்கு வந்த கஷ்டம் அவனுக்கும் வந்தது. தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டான். போட்ட மறுவாரம் மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டான். புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து கட்டிலில் படுத்தவன், எழுந்திருக்க நாளாகும் என்றார்கள்.

வேறு பெண்ணாக இருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பாள். இவள் போனைத் தக்காளிக் கூடையில் சாய்த்துவைத்து ரசம் வைப்பதைப் படம் பிடித்தாள். ஒவ்வொரு ரசத்துக்கும் முன்னால் ஒரு பிரசங்கம். கஷ்டகாலத்தில் கெட்டதை நினைத்தால் கெட்டதுதான் வரும், கண்ணாடியைப் பார்த்து நல்ல வார்த்தை சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள் என்பாள். அது உங்கள் கண்ணில் பட்டது. எல்லைத் தமிழர்களுக்கென்று தினமும் பதினொரு மணிக்கு அரை மணி நேரம் கொடுத்தீர்கள். ‘நல்லதே நினை, நல்லதே சமை.’ அவள் சிரித்தால் குப்பத்திலிருந்து சத்தியவேடு வரை பெண்கள் சிரித்தார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த அரை மணி நேரத்தால்தான். அது எல்லோருக்கும் தெரியும், எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும்.

ஆவணி மாதம் ஒரு காலை, பால் தீய்கிற நாற்றம் சுவர் தாண்டி வந்தது. எட்டிப் பார்த்தேன். பார்ப்பது தப்பா? அடுப்புக்கு இரண்டடி தள்ளி நின்று தேவயானி போனில் பேசிக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் காபி கொடுத்தேன். சர்க்கரைக்குப் பதில் உப்பு. மூன்று ஸ்பூன்.

கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

“இன்னாம்மே, எப்படிகீது?” என்றேன்.

“உன் கைப் பக்குவமே தனிக்கா. சூப்பர்.”

“அதுல மூணு ஸ்பூன் உப்புடீ.”

டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு என் மடியில் தலையைப் போட்டு அழுதாள். “ஆடியில ஜுரம் வந்துச்சே, அதோட போச்சிக்கா. வாசமும் இல்ல, ருசியும் இல்ல. சோறு துன்னா பஞ்சைத் துன்ற மாதிரிகீது. டாக்டரு, தானா வரும்ன்றாரு. யார் கையிலயும் சொல்லிடாதக்கா. டி.வி.காரங்களுக்குத் தெரிஞ்சா என்னைத் தூக்கிப் போட்டுடுவாங்க.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. என் ஐம்பத்து நான்கு வயதில் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த முதல் விஷயம் அது. அதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மறுநாளிலிருந்து நான் அவளுடைய மூக்கும் நாக்கும் ஆனேன். காலை ஆறரை பஸ்ஸில் இரண்டு பேரும் திருப்பதிக்குப் போவோம். பாத்திரம் எடுத்துவைக்க வந்த பக்கத்து வீட்டு வள்ளியக்கா என்றுதான் உங்களிடம் அறிமுகம் செய்தாள். இடைவேளையில் குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பேன். பிறகு கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். நான் கம்மலைத் தொட்டால் உப்பு போதாது. மூக்குத்தியைத் தொட்டால் புளி தூக்கல். வளையலைத் தள்ளினால் அடி பிடிக்கிறது. முந்தானையை இடுப்பில் செருகினால் எல்லாம் சரி. உங்கள் கேமராக்காரர் ஒரு நாள், “இந்த அம்மாவுக்குக் காதுல ஏதோ அரிப்பு” என்று சொன்னது என் காதில் விழுந்தது. அரிப்பில்லாத காது.

அந்தச் சனிக்கிழமை நடந்ததற்கு எங்கள் தெருவில் வேறு காரணம் சொல்வார்கள். நீங்களும் விசாரித்திருப்பீர்கள். ஆவணிக் கடைசியில் ஒரு நிகழ்ச்சியில் அவள் சிரித்துக்கொண்டே, “எங்க தெருவுல ஒரு அக்கா கீறாங்க, அவங்க வாயில நல்லதே வராது, அந்த மாதிரி ஆளுங்களை மூணு வூடு தள்ளியே வையுங்க” என்றாள். மறுநாள் ரேஷன் கடையில் என்னைப் பார்த்ததும் வரிசையே மூன்றடி விலகி நின்று சிரித்தது. அதற்காகத்தான் செய்தேன் என்பார்கள். கிடையாது. பஸ்ஸில் திரும்பும்போதே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னைச் சொல்லலக்கா, சும்மா பேச்சுக்கு” என்று மன்னிப்புக் கேட்டாள். நான் அன்றே மறந்துவிட்டேன். அன்று அவள் கட்டியிருந்தது மாம்பழ நிறப் புடவை, வலது தோளில் சின்னதாகக் கறை.

விஷயம் புரட்டாசியில் வருகிறது. மூன்றாம் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடுவதை நேரலையாகக் காட்டுவது என்று முடிவு செய்தீர்கள். சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரி வைத்திருக்கும் எத்திராஜ் வருவதாக ஏற்பாடு. அவர் புதிதாகப் போடும் புளியோதரைப் பொடிப் பாக்கெட்டில் தேவயானியின் முகம் வரும் என்றீர்கள். அது வந்தால் ஜெகநாதன் நிதானமாகக் கால் ஆறும்வரை படுத்திருக்கலாம்.

அவளுக்கு அன்று பயமே இல்லை. காரணம் உங்களுக்கே தெரியும். சாமிக்குப் படைப்பதைப் படைக்கும் முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது. சமைக்கிறவளும் கூடாது. எல்லாவற்றையும் வீட்டிலேயே அளந்து டப்பாவில் போட்டு எடுத்துப்போனால், வாசம் தெரியாதவள்கூட அன்று மற்றவர்களுக்குச் சமம்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில் அவள் சுவரைத் தாண்டியே குதித்து வந்தாள். மூச்சு வாங்கியது.

“அக்கா, நாறுதுக்கா!”

“இன்னா நாறுது?”

“அவரு கால் கட்டு. புத்தூர்க் கட்டுல முட்டையும் பச்சிலையும் போட்டு வெச்சிகீறாங்க பாரு, அது நாறுதுக்கா. லேசாத்தான். ஆனா நாறுது.” சிரிக்கிறாள், அழுகிறாள். உள்ளேயிருந்து ஜெகநாதன், “ரெண்டு மாசமா நான் மட்டும் மோந்துகினு கெடந்தேன், இப்பதான் கம்பெனிக்கு ஆள் வந்துச்சி” என்று கத்தினான்.

எனக்கும் சந்தோஷம்தான். அதை எழுதிவைக்கிறேன்.

பிறகு அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நாளைக்கு மட்டும் வாக்கா. அப்புறம் நீ எனக்கோசரம் விடியக்காலையில எழுந்து பஸ்ல அல்லாட வேணாம். நிம்மதியா வூட்ல இரு.”

நல்ல மனதோடுதான் சொன்னாள். வீட்டில் நிம்மதியாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் போன பிறகு ஒன்பது வருடம் இருந்து பார்த்தவள். பையன் பெங்களூரில் இருக்கிறான். போன் செய்தால் மீட்டிங் என்பான், ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங். காலண்டரில் தேதி அடிப்பதைத் தவிர அந்த நிம்மதியில் வேறு வேலை கிடையாது. அந்தக் காலண்டரைத்தான் நீங்கள் மூன்று முறை படித்தீர்கள். தேதிக்குக் கீழே நான் எழுதிவைத்திருப்பதெல்லாம் அவளுடைய சமையல் குறிப்புகள்.

நான் யோசித்தேன். ஒரு நாள் வாசம் தெரிந்துவிட்டது என்று இந்தப் பெண் தன்னை நம்ப ஆரம்பித்துவிட்டால் என்ன ஆகும்? பாதி குணமான மூக்கு, குணமாகாத மூக்கைவிட ஆபத்து. அவளுக்கு நான் வேண்டும் என்பது அவளுக்கே தெரிய வேண்டாமா? அவள் நன்மைக்காகத்தான்.

டப்பாக்களை அவள் அடுக்கிவைத்திருந்தாள். நல்லெண்ணெய் பாட்டிலை மட்டும், “வூட்ல செக்கு எண்ணெய் கீது, நான் எத்துக்கினு வரேன்” என்று நான் சொன்னேன். கொண்டும்போனேன். பாதி நல்லெண்ணெய், பாதி விளக்கெண்ணெய். நிறம் மாறக் கூடாதே. பாதிக்கு மேல் ஊற்றவில்லை. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது.

சனிக்கிழமை ஸ்டுடியோவில் சாம்பிராணிப் புகை கண்ணை மறைத்தது. அந்தப் புகையில் வேறு எந்த வாசமும் யாருக்கும் எட்டவில்லை. அடுப்புக்கு நேராக நின்றவளுக்கு மட்டும் எட்டியது. எண்ணெய் காய்ந்தது. கடுகை எடுத்த கை அப்படியே நின்றது. மூக்கு லேசாக விரிந்தது. மைக்கில் கேட்காத குரலில், “இன்னாக்கா, எண்ணெய் வாசம் வேற மாதிரிகீதே?” என்றாள். நேரலை. எத்திராஜ் முன்வரிசையில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். அவள் என்னைப் பார்த்தாள்.

நான் முந்தானையை இடுப்பில் செருகினேன்.

அவள் சிரித்தாள். கடுகைப் போட்டாள். “நல்லதே நினைச்சா நல்லதே ருசிக்கும்” என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள். தன் மூக்கைவிட என் முந்தானையை நம்பினாள். அந்த ஒரு நொடிக்காக நான் சாகும்வரை அவளுக்குக் கடமைப்பட்டவள்.

மீதியை நீங்களே பார்த்தீர்கள். படைத்தோம், பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை. தொன்னையில் கொடுத்தோம். பிரசாதத்தை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, கீழே போடவும் முடியாது. அதோடு அது தேவயானியின் நிகழ்ச்சி, ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். எத்திராஜ் கண்ணில் நீர் கட்ட, “அத்புதம்” என்றார். பிறகு சந்திரகிரியில் ஒரு முறையும், பாகாலா தாண்டி இரண்டு முறையும் காரை நிறுத்தச் சொன்னாராம். இரண்டு பெண்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நீங்கள் இரண்டு தொன்னை சாப்பிட்டீர்கள், அதற்கு வருந்துகிறேன். ஆனால் இரண்டாவதை யாரும் உங்கள் கையில் திணிக்கவில்லை. நானும் ஒரு தொன்னை சாப்பிட்டேன். அடுத்தவருக்கு மட்டும் கொடுத்து வேடிக்கை பார்க்கிற ஆள் நான் இல்லை.

நிகழ்ச்சியை நிறுத்தினீர்கள். பாக்கெட்டில் வேறு யாருடைய முகமோ வருகிறது. ஜெகநாதன் கட்டுக் காலோடு இன்னொருவர் தறியில் கூலிக்குப் போகிறான். தேவயானி உங்களிடம், எண்ணெயைக் கொண்டுவந்தது தான்தான் என்று சொன்னாளாமே. அது பொய். நான்தான் கொண்டுவந்தேன். அதில் என்ன இருந்தது என்று தெரிந்தேதான் கொண்டுவந்தேன். கையெழுத்தும் போட்டுவிடுகிறேன்.

இதை அவளிடம் மட்டும் காட்டாதீர்கள். இப்போதுதான் மனதைத் தேற்றிக்கொண்டு வருகிறாள். மறுபடி கண்ணாடி பார்த்து நல்ல வார்த்தை சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். இந்த நேரத்தில் கெட்டதைக் காதில் போடக் கூடாது. உங்கள் காபி நல்ல காபிதான், சந்தேகப்படாமல் குடியுங்கள்.

தினமும் காலையில் அவளும் என் வீட்டில்தான் காபி குடிக்கிறாள். இன்றைக்கும் வந்தாள். ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “அக்கா, கரிக்குதே. உப்பு மாதிரிகீதே?”

நான் அதே டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துக் காட்டினேன். “சர்க்கரைதாண்டீ, திகட்டுது. உன் நாக்கு இன்னும் தேறல, அவ்ளோதான்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டு மீதியையும் குடித்தாள். “வந்துடும்லக்கா?” என்றாள். “நல்லதே நினை” என்றேன். பாவம், என்னைவிட்டால் அந்தப் பெண்ணுக்கு உண்மையைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?