கார்டுக்கு ஸ்பேர் எங்கே?

ஜனவரி 18, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது. லேசான வெயில், உப்புக் காற்று. தூத்துக்குடியிலிருந்து பெரியதாழை செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவரும் அவர் மனைவியும். அவர் மடியில் இரண்டு ஹார்டு டிஸ்க், ஒரு ரெய்டு கார்டு.

“ஏளா, மூணு பிள்ளையும் நடக்கப் பழகுனத நான் வீடியோலதான் பாத்தேன். அது அழியக் கூடாது. இந்தக் கார்டு ரெண்டு டிஸ்க்லயும் ஒண்ணுபோல ஏத்திரும், ஒரு டிஸ்க் போனாலும் இன்னொண்ணுல இருக்கும்.”

“கார்டே செத்துட்டா?”

“இதே கார்டு இன்னொண்ணு வாங்கி மாட்டணும். வேற கார்டு படிக்காது.”

“நம்ம வீட்டுக் காத்துக்கு மிக்சியே ரெண்டு வருசம் தாங்கல. நீங்க ஒம்பது மாசம் கடல்ல கிடப்பிய. நான் எங்கன போய்த் தேட? கார்டு இல்லாம முடியாதா?”

“முடியும். சாஃப்ட்வேர் ரெய்டு போட்டா கம்ப்யூட்டரே ரெண்டுலயும் எழுதும். அது போனாலும் டிஸ்க்க வேற கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்துக்கலாம். ஆனா கார்டுதான் கெத்து.”

“ஒங்க கப்பல்ல ஸ்பேர் இல்லாம மிஷின் ஓடுமா?”

“நான் ஓட விடமாட்டேன்.”

“அப்போ இதுக்கு ஸ்பேர் எங்க?”

அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

“இறங்குளா, தூத்துக்குடிக்கே போய், கடைக்காரர் சாப்பிடப் போறதுக்குள்ள கார்டத் திருப்பிக் கொடுத்திருவோம்.”

பழையகாயலில் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். நான் முத்தையாபுரத்திலேயே இறங்கியிருக்க வேண்டும். திரும்பிப் போக டிக்கெட் பதினைந்து ரூபாய்.