குண்டனுக்கு ஊசி

இல்ல தம்பி, மருந்து வேணாம். ஊசி மட்டும் ஒரு டப்பா போதும். பூனைக்குத்தான். ஆமா, பூனைக்குத்தான் சக்கர. சிரிங்க, பரவால்ல, எல்லாரும் சிரிக்கத்தான் செய்றாங்க. முன்னாடி இங்க ஒரு கண்ணாடிக்காரர் இருப்பாரே, நான் படியேறும்போதே டப்பாவ எடுத்து வச்சிடுவாரு. ஓ, போயிட்டாரா? வேற கடைக்கா? நல்ல மனுசன். நீங்களும் நல்லவர்தான், நான் அப்பிடிச் சொல்ல வரல.

மருந்து வீட்டுல இருக்கு தம்பி. ஃபிரிட்ஜ் கதவுல முட்டை வைக்கிற குழி இருக்குல்ல, அதுல. ஊசி வாங்குறவங்க மருந்தும் சேத்துத்தான் வாங்குவாங்க, எனக்குத் தெரியாதா? என் நாத்தனார் வாங்கிக் குடுத்திடுவா. அவ வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கடை. அங்க மருந்து இருக்கும், ஊசி இருக்காது. ஊசிக்கு இங்க. அப்பிடியே ஓடிக்கிட்டு இருக்கு. கொஞ்சம் சீக்கிரம் எடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும். எதிர்த்த வரிசையில துணிக்கடை இருக்குல்ல, அங்க உள்ள உக்காந்து கால் மடிச்சு அடிக்கிறது, இடுப்பு பிடிக்கிறதெல்லாம் நான்தான். யாருக்கிட்டயும் சொல்லாம, பாதி பேண்ட்ட மெஷின்லயே விட்டுட்டு வந்திருக்கேன்.

டாக்டர் சீட்டா? இருந்துச்சே. இருங்க, பையிலதான்... இல்ல. துணியோட தொவைச்சுட்டேன் போல. போய் வாங்கிட்டு வர நேரமில்ல தம்பி. பூனை தானாப் போயா சீட்டு வாங்கும், நான்தான் தூக்கிக்கிட்டு ஓடணும்.

அட, நம்பிக்கை வரலையா? போட்டோ காட்டுறேன் பாருங்க. இதுதான். குண்டன்னு பேரு. இப்ப பேருலதான் குண்டு. இது நோய் வர்றதுக்கு முன்னாடி எடுத்தது, ஒரு நாற்காலி முழுக்க அதுதான் உக்காந்திருக்கும், நாங்கல்லாம் தரையில. போட்டோவுல இருக்கிற கையா? அது என் பையன் கை.

அவன்தான் முதல்ல கண்டுபிடிச்சது. குண்டன் பாத்ரூம் வாளியில தலைய விட்டுத் தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்துச்சு. வெயிலுக்குக் குடிக்குதுன்னு நான் விட்டுட்டேன். அப்புறம் மண் தொட்டிய விட்டுட்டு வீடு பூரா மூத்திரம். கொழுப்புன்னு நெனைச்சு ரெண்டு அடி கூட வச்சேன், பாவி. அவன்தான் சொன்னான், அம்மா, அது பெஞ்ச இடத்துல எறும்பு ஏறுது பாரு, இது வேற ஏதோன்னு. நல்லாத் தின்னுச்சு, ஆனா எலும்பும் தோலுமாப் போச்சு. கடைசியில பின்னங்கால முழுசாத் தரையில பதிச்சு முயல் மாதிரி நடக்க ஆரம்பிச்சப்போ எனக்கு உசுரே போயிடுச்சு. டாக்டரம்மா காதுல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாங்க, சக்கரன்னாங்க. பூனைக்கா, அது டீ கூடக் குடிக்காதேன்னு நான் கேட்டேன். அந்த நேரத்துலயும் அவன் சிரிச்சுட்டான்.

ஒரு நிமிஷம் தம்பி. வீட்டுக்கு ஒரு போன் போட்டுக்கிறேன்.

எடுக்கல. தூங்குவான். தூங்கிக்கிட்டுத்தான் இருப்பான், இந்நேரத்துக்குத் தூங்குறவன்தான்.

எங்க விட்டேன்? ஆங். ஊசி. நாள் முழுக்க ஊசியோடதான் என் பொழப்பு, விரல்ல குத்தாத நாளே கெடையாது. ஆனா இந்த மருந்து ஊசியப் பாத்தாலே நான் கண்ண மூடிக்குவேன். அவன்தான் போட்டான். போன் ரிப்பேர் கடையில வேல பாத்தவன், கண்ணுக்கே தெரியாத கம்பிய எல்லாம் ஒட்டுற கை. குண்டனத் தின்ன விட்டுட்டு, கழுத்துக்குப் பின்னாடி தோலக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடிச்சு, சட்டுனு போட்டுருவான். அது திரும்பிக் கூடப் பாக்காது. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தின்னாத்தான் போடணும், தின்னலேன்னா முழு அளவு போடக்கூடாது, டாக்டரம்மாவக் கேக்கணும். மொறுமொறுன்னு ஒரு தீனி போட்டுக்கிட்டு இருந்தோம், அத நிறுத்திட்டு வெறும் கறியா மாத்தினோம். என் கையப் பிடிச்சு அவனே சொல்லிக் குடுத்தான். பயப்படாதம்மா, அதுக்கு வலிக்காது, உனக்குத்தான் வலிக்குதுன்னான். அப்பிடிப்பட்ட பையன் தம்பி.

ஆமா, சிவப்பு மூடி. தெரியாம இருக்குமா? டாக்டரம்மா முதல் நாளே படிச்சுப் படிச்சு சொல்லிட்டாங்க. பூனை மருந்துக்குச் சிவப்பு மூடி போட்ட ஊசிதான், ஆரஞ்சு மூடிய கையால தொடக்கூடாது, கோடெல்லாம் வேற கணக்கு, மாத்திப் போட்டா அளவே மாறிடும்னு. ஒரு சின்னப் பூனைக்கு ஒரு கோடு தப்புனாலே தலைக்கு வந்துடும்.

தலைக்கு வந்தும் இருக்கு. அளவு தப்பல, நேரம் தப்பல, எல்லாம் சரியாத்தான் போட்டோம். ஒரு நாள் மத்தியானம் குண்டன் குடிகாரன் மாதிரி தள்ளாடுது. செவுத்துல போய் முட்டுது. அப்பிடியே சாஞ்சு, கால் நாலும் வெட்டி வெட்டி இழுக்குது. நான் கத்துறேனே தவிர ஒண்ணும் செய்யத் தெரியல. அவன் ஓடிப் போய் சக்கரையத் தண்ணியில கொழைச்சு, விரல்ல தொட்டுத் தொட்டு அதோட ஈறுல தேச்சான். வாய்க்குள்ள ஊத்தாதம்மா, புரையேறிடும், தேய்க்கத்தான் செய்யணும்னு எனக்குச் சொல்லிக்கிட்டே தேக்கிறான். கை ஒரு துளி நடுங்கல. துண்டுல சுத்தி மடியில போட்டு, வண்டிய நான் ஓட்ட, டாக்டர்கிட்ட போய்ச் சேந்தோம். கண்ணத் தொறந்துச்சு. டாக்டரம்மா சொன்னாங்க, இது கெட்டதுல்ல, அதோட ஒடம்பே மறுபடியும் வேல செய்ய ஆரம்பிச்சிருக்கு, அதான் மருந்து அதிகமாயிடுச்சுன்னு. அளவக் குறைச்சாங்க. அப்புறம்... அதான், குறைச்சாங்க. இன்னும் குறைச்சாங்க.

இப்பவும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். போடாம? குடுங்க தம்பி, நேரமாகுது.

என்ன, சிவப்பு மூடி தீந்துடுச்சா? ஆரஞ்சுதான் இருக்கா? பரவால்ல, அதையே குடுங்க. எதுவா இருந்தா என்ன.

ஏன் அப்பிடிப் பாக்குறீங்க?

ஆமா, நான்தான் சொன்னேன். தொடக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அது... வீட்டுல ரெண்டு மருந்தும் இருக்கு, அதனால... இல்ல தம்பி, அங்க பின்னாடி இருக்கு பாருங்க, சிவப்பு மூடி டப்பா, இங்க இருந்தே தெரியுது. வேணும்னேதான் கேட்டீங்களா? என்னைய சோதிச்சுப் பாக்கவா கேட்டீங்க? உங்க அம்மா வயசு இருக்கும் எனக்கு.

போன எதுக்கு எடுக்குறீங்க? டாக்டரம்மாவுக்கா? வேணாம். கேளுங்க தம்பி, வேணாம், கீழ வைங்க. உங்க கையப் பிடிச்சுக் கேக்குறேன். யாரும் வர்றதுக்குள்ள சொல்லிடுறேன், வைங்க.

குண்டனுக்கு நல்லாயிடுச்சு. ஊசி நிறுத்தி ரொம்ப நாளாச்சு. பூனைங்களுக்கு அப்பிடி நடக்குமாம், எல்லாத்துக்கும் இல்ல, சிலதுக்கு. வாரத்துக்கு ஒரு தடவ காதுல குத்திப் பாக்கிறதோட சரி. மருந்து பாட்டிலத் தூக்கிப் போட்டாச்சு. நாத்தனார்னு எனக்கு யாருமே கெடையாது.

நிறுத்தினப்புறமும் டப்பாவுல ஊசி கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. எங்கயாவது விழுந்திருக்கும்னு இருந்தேன். ஒரு நாள் அவன் தலகாணி உறையத் தொவைக்க உருவுறேன், உள்ள இருந்து ஒண்ணு விழுது. அதுக்குள்ள ரத்தம் இருந்துச்சு தம்பி. பூனைக்குத் தோலுக்கு அடியில போடுறது, ரத்தம் வராது. அத்தன மாசம் போட்டோம், ஒரு தடவ கூட ரத்தம் பாத்ததில்ல. நான் அந்த உறையக் கையில வச்சுக்கிட்டு கட்டில்லயே உக்காந்துட்டேன்.

போதைய விட வைக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம இருப்பேனா? போனோம். சேத்தாங்க, இருந்தான், தேறி வந்தான், வந்து தட்டு நிறைய சாப்பிட்டான், என் மெஷினுக்கு எண்ண விட்டான். நானும் விடிஞ்சுடுச்சுன்னு நெனைச்சேன். மறுபடியும் அதுக்கே போயிட்டான். வேல போச்சு. மறுபடி சேக்கிறதுக்குச் சொல்லி வச்சிருக்கேன், இடம் காலியானா கூப்பிடுறேன்னு சொல்லியிருக்காங்க. போன் அடிக்கும்போதெல்லாம் அதுவா இருக்கும்னு எடுப்பேன். வேற ஏதாவது சேதியா இருக்குமோன்னு பயந்துக்கிட்டும் எடுப்பேன்.

ஊசி நான்தான் வாங்கி வைக்கிறேன். ஆமா, தெரிஞ்சேதான். பெத்தவ செய்ற வேலையான்னு கேளுங்க, நானே என்னைய தினமும் கேட்டுக்கிறேன். போன டப்பா தீந்தப்போ முடிவே பண்ணினேன், இனி என் கையால வாங்கித் தர்றதில்லன்னு. ஊசி இல்லேன்னா எப்பிடிக் குத்திப்பான், விட்டுடுவான்னு ஒரு நப்பாசை. ரெண்டு நாள் ஒண்ணுமே கேக்கல அவன். எனக்குக் கூட சந்தோஷமா இருந்துச்சு, பைத்தியக்காரி. குத்தி முடிச்ச பழைய ஊசியெல்லாம் ஒரு எண்ண டப்பாவுல போட்டு, மூடியப் பசை வச்சு ஒட்டி, கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிருந்தேன், ஆஸ்பத்திரியில குடுக்கணும்னு. இன்னைக்கு வேலைக்குக் கிளம்பும்போது கூட்டுறேன், டப்பா நடுவுல அறுத்துக் கெடக்கு. துருப்பிடிச்சது, வளைஞ்சது, பூனைக்குப் போட்டது, அவன் போட்டது, எல்லாம் தரையில கொட்டிக் கெடக்கு. அதுல நல்லதாப் பொறுக்கியிருக்கான்.

அதப் பாத்துட்டும் வேலைக்கு வந்தேன். வந்து உக்காந்து தைக்கிறேன், தையல் எங்கயோ போகுது, கண்ணு முன்னாடி அந்தத் தரைதான். சீழ் வைக்குமா, ரத்தத்துல ஏறுமா, செத்துக் கெடப்பானா, எதுவும் தெரியல எனக்கு. பயமா இருக்கு தம்பி. புதுசுல குத்திக்கிட்டாலும் பயம், பழசுல குத்திக்கிட்டாலும் பயம். இதுல கொஞ்சம் சின்ன பயம் எதுவோ அதத்தான் வாங்க வந்திருக்கேன்.

நன்றி. சத்தியமா நன்றி. இல்ல, பை வேணாம், முந்தானையிலயே வச்சுக்கிறேன். என்ன நம்பர் இது? அங்க டாக்டர் இருக்காரா? இடம் இல்லேன்னாலும் வரச் சொல்வாரா? யார்னு கேக்க மாட்டாங்களா? உங்க பேரச் சொல்லட்டுமா? சொல்றேன். இப்பவே, நடந்துக்கிட்டே பேசுறேன். அவன் வர்றேன்னு சொல்லணும், அதான். எழுப்பிக் கேக்குறேன். எழுந்திரிச்சான்னா கேக்குறேன்.

அவனுக்கா? தெரியும். நான் எதுக்கு வாங்குறேன்னு அவனுக்கும் தெரியும், அவன் என்ன பண்றான்னு எனக்கும் தெரியும். மறுபடி ஆரம்பிச்சதுல இருந்து ஒரு வார்த்தை அதப் பத்தி வாயத் தொறக்கல ரெண்டு பேரும். நான் டப்பாவ ஃபிரிட்ஜ் மேல வச்சிடுவேன். சாயங்காலம் அவன் ரூம்ல இருந்து வெளிய வருவான். குண்டன் என் மடியிலதான் படுத்திருக்கும். என்னையப் பாக்காம, செவுத்தப் பாத்துக்கிட்டே, குண்டனுக்கு ஊசி போட்டுட்டேம்மான்னு சொல்லுவான். நானும், சரிப்பா, கையக் கழுவிட்டு சாப்பிட வான்னு சொல்லுவேன்.